எவ்வளவு வெளிச்சம் போதும்?

ஒரு வீட்டில் விளக்கு எங்கே மாட்டியிருக்கிறது என்பதோடு, நிழல் யார்மேல் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் உழைப்பு எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். எங்கள் வீடு விழுப்புரம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் இருக்கும் தொகுப்பு வீடு. அம்மா, அக்கா, அக்கா மகள் மூவரும் அங்கே இருக்கிறார்கள். நான் வேலை நிமித்தம் சென்னையில் இருக்கிறேன். மாதம் இரண்டு முறை போய்வருவேன்.

முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. முன்னறைச் சுவரில் ஒரு டியூப் லைட். சமையலறை வாசலுக்கு மேலே ஒரு பல்பு. அடுப்பு மேடை எதிர்ச் சுவரில் இருப்பதால் அம்மா காய் நறுக்க நின்றால் வெளிச்சம் முதுகில் விழும், நிழல் கத்தியின் மேல் விழும். அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். டியூப் லைட்டுக்கு எதிர்ச் சுவரை ஒட்டித்தான் மேசை போட இடமிருக்கிறது. அவளும் தன் தலை நிழலில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். டியூப் லைட்டின் முழு வெளிச்சமும் விழுகிற இடத்தில் டிவி இருக்கிறது, விருந்தாளிக்குப் போடும் நாற்காலி இருக்கிறது. கழிப்பறை பின்பக்கம் இருக்கிறது. அங்கே போகும் நாலு மீட்டர் வழியில் விளக்கே கிடையாது, கையில் செல்போனோடுதான் போக வேண்டும்.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவெடுத்தபோது எல்இடி ஸ்ட்ரிப் விளக்குதான் நினைவுக்கு வந்தது. பல்பு ஒரு புள்ளியிலிருந்து எரிகிறது, அதனால் கை குறுக்கே வந்தால் நிழல் அழுத்தமாக விழுகிறது. ஸ்ட்ரிப் ஒரு கோடாக எரிகிறது. கை ஒரு பகுதியை மறைத்தாலும் பக்கத்துப் பகுதியின் வெளிச்சம் வந்து அந்த நிழலைக் கரைத்துவிடும். விரல் அகலம்தான் இருக்கும் என்பதால் மேசைக்கு மேலுள்ள அலமாரிப் பலகையின் அடியில் ஒட்டிவிடலாம், இடமும் அடைக்காது. சின்ன வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து டவுனில் ஒரு கடைக்குப் போனேன். என்ன வேண்டும் என்று சொன்னேன். கடைக்காரர், “எந்த ஊரும்மா?” என்றார். சொன்னேன். “ஊருக்குள்ளயா, காலனியா?” என்றார். காலனி என்றேன். உள்ளே போய் ஒரு பெரிய உருளையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் சுற்றுவார்களே, கரண்டில் நேராகச் சொருகும் தடித்த பிளாஸ்டிக் பட்டை, அது. “இது போதும்மா உங்களுக்கு. அடாப்டர் கிடாப்டர் எதுவும் வேணாம், நேரா பிளக்குல சொருகிடலாம்” என்றார். மீட்டருக்கு எத்தனை வாட்ஸ் என்று கேட்டேன். “நல்லா வெளிச்சமா இருக்கும்மா” என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவருக்கு அதே கடையில் மூன்று வகை ஸ்ட்ரிப்பை எரியவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன்.

‘போதும்’ என்ற சொல்லைப் பற்றி அன்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். நமக்கு எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதை வேறு யாரோ முடிவு செய்வது அந்தக் கடையில் தொடங்கியதல்ல. 1997 வரைக்கும், ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் ஏதாவது ஒரு வேலைக்கு மின்சாரம் பயன்பட்டால் அந்தக் கிராமம் மின்வசதி பெற்றதாக அரசுக் கணக்கில் ஏறிவிடும். யாரோ ஒருவர் நிலத்தில் பம்பு செட் ஓடினாலே கணக்கு சரியாகிவிடும். மக்கள் வசிக்கும் பகுதிக்குள் மின்சாரம் வந்திருக்க வேண்டும் என்பது 1997 திருத்தத்தில்தான் சேர்ந்தது. தலித் குடியிருப்பிலும் மின்மாற்றி, கம்பி முதலிய அடிப்படை வசதி இருக்க வேண்டும், பள்ளி போன்ற பொது இடங்களில் மின்சாரம் இருக்க வேண்டும், குறைந்தது 10 சதவீத வீடுகளுக்கு இணைப்பு இருக்க வேண்டும் என்று எழுதியது 2004இல் வந்த வரையறை. ஊர் என்றாலே சேரியும் அதில் அடக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அதைத் தனியாகப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது.

அதற்கு முன்பு 1988-89இல் மத்திய அரசு குடீர் ஜோதி என்ற திட்டத்தைத் தொடங்கியது. தலித், பழங்குடிக் குடும்பங்கள் உட்பட வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கிராமத்து வீடுகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்பு தருவதுதான் திட்டம். அந்த மாதிரி ஒற்றை விளக்குகளின் கீழே படித்து வந்தவர்கள் நம்மில் நிறைய பேர். நானும் அக்காவும் அப்படித்தான் படித்தோம். அந்த விளக்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு ஒன்று என்று யாரோ வரையறுத்த காலத்திலேயே நம் வீடுகளின் வயரிங்கும், நம் வீட்டு ஆட்களின் எதிர்பார்ப்பும் நின்றுபோய்விட்டதோ என்று தோன்றுகிறது. “இன்னாத்துக்குடி இவ்ளோ செலவு? அந்த பல்பையே பெருசா மாத்திப் போட்டா ஆவாதா?” என்றுதான் அம்மாவும் கேட்டார். பெரிய பல்பு போட்டால் நிழலும் பெரிதாகக் கறுக்கும் என்பதை அவருக்குச் சுவரில் கையை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டுமானால் சில எண்கள் தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரிப் விளக்கு வாங்கப் போகிற யாருக்கும் இவை உதவும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வோல்டேஜ். கடைக்காரர் எனக்குத் தள்ளிவிடப் பார்த்தது 220 வோல்ட் பட்டை. அதன் பிளக்குக்குள் மாற்று மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் சின்னப் பாகம் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். வோல்டேஜ் குறைவதில்லை. பட்டையின் உள்ளே ஓடுகிற செம்பில் முழுக் கரண்டும் இருக்கிறது. கை எட்டாத உயரத்தில் நாலு நாள் கட்டிவிட்டு அவிழ்க்கிற வேலைக்கு அது சரி. ஈரக்கை படுகிற அடுப்பு மேடைக்கும், குழந்தைகள் உட்காருகிற மேசைக்கும் அதைக் கொண்டுவரவே கூடாது. இன்னொன்று, நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் அந்த வகைப் பட்டை நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஆனால் இரண்டு மணி நேரம் அதன் கீழே படித்தால் சிலருக்குக் கண் வலிக்கும், தலை வலிக்கும். செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள், துடிப்பது தெரியும்.

வீட்டுக்குள்ளே ஏற்றது 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் ஸ்ட்ரிப். கரண்டைக் குறைத்துக் கொடுக்க அடாப்டர் வேண்டும், அதாவது எஸ்எம்பிஎஸ். தொட்டால் ஷாக் அடிக்காது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வோல்டேஜ் குறைவதால் ஆம்பியர் கூடும். இணைப்பு தளர்வாக இருந்தால் அந்த இடம் சுட்டுக் கருகும். அடாப்டருக்குள் வரும் பக்கம் 230 வோல்ட்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

12க்கும் 24க்கும் என்ன வித்தியாசம்? நீளமான ஒல்லிக் குழாயில் தண்ணீர் விட்டால் கடைசியில் நிற்பவருக்கு அழுத்தம் குறைந்து வருமில்லையா, ஸ்ட்ரிப்பிலும் அதுதான் நடக்கிறது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே முனையிலிருந்து ஓட்டினால் கடைசிப் பகுதி மங்கலாக எரியும். அதே வாட்ஸ் 24 வோல்ட்டில் போகும்போது ஆம்பியர் பாதியாகிறது, கம்பியில் வீணாவதும் அதைவிடக் குறைகிறது. ஆகவே பெரிய ஹாலைச் சுற்றி ஓட்டுபவர்கள் 24 வோல்ட் எடுக்கலாம். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று துண்டு துண்டாகப் போடும் எங்கள் வீட்டுக்கு 12 வோல்ட்டே சரியாக இருந்தது. அடாப்டரும் எளிதில் கிடைக்கும். இன்னொரு வசதியும் உண்டு. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பைப் பெரும்பாலும் மூன்று எல்இடிக்கு ஒருமுறை, கத்தரிக்கோல் அடையாளம் போட்ட இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். அலமாரியின் அளவுக்குக் கச்சிதமாக வரும்.

அடுத்தது வாட்ஸும் லூமெனும். ஸ்ட்ரிப்பின் மேல் 2835 என்றோ 5050 என்றோ போட்டிருக்கும். அது தரத்தின் எண் அல்ல, ஒரு எல்இடியின் அளவு. 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர் என்றால் 2835. 5 மில்லிமீட்டர் சதுரம் என்றால் 5050. “5050 பெருசு, அதான் ஒசத்தி” என்று சில கடைகளில் சொல்வார்கள். வெள்ளை வெளிச்சத்துக்கு 2835 நல்ல தேர்வு. நாம் கேட்க வேண்டியது வேறு மூன்று கேள்விகள்: மீட்டருக்கு எத்தனை எல்இடி, எத்தனை வாட்ஸ், எத்தனை லூமென்? மீட்டருக்கு 120 எல்இடி, 9.6 வாட்ஸ் என்பது பரவலாகக் கிடைக்கும் வகை. நல்ல தயாரிப்பாக இருந்தால் மீட்டருக்கு 800 முதல் 1000 லூமென் வரை தரும். வாட்ஸ் என்பது விளக்கு சாப்பிடுவது. லூமென் என்பது அது திருப்பித் தருவது. விலை மலிந்த ஸ்ட்ரிப்பில் சாப்பாட்டுக் கணக்கை மட்டும் எழுதியிருப்பார்கள்.

லூமென் என்பது விளக்கிலிருந்து கிளம்பும் மொத்த வெளிச்சம். புத்தகத்தின் மேல் வந்து விழுவதை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். வகுப்பறை மேசைக்கு 300 லக்ஸ் என்பதைப் பொதுவாக வழிகாட்டு அளவாக வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் பார்க்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஆய்வுக்கூடக் கருவி அளவுக்குத் துல்லியம் இருக்காது. ஆனால் ஒரே போனை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட அது போதுமானது. பாப்பா மேசையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தபோது நான் போனைப் பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். 40 காட்டியது. அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிப் பார்த்தேன். 90 ஆனது. பாதிக்கு மேல் வெளிச்சத்தை அவள் உடம்பே மறைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, வெளிச்சத்தின் நிறம். இதைக் கெல்வினில் சொல்வார்கள். 2700, 3000 என்றால் குண்டு பல்பின் மஞ்சள். 4000 என்றால் காலை வெயில் போன்ற வெள்ளை. 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் பக்கத்துக் கடைகளில் ‘வெள்ளை’ என்று கேட்டால் கேள்வி இல்லாமல் 6500ஐ எடுத்துத் தருகிறார்கள், பார்க்கப் பளிச்சென்று இருப்பதால். ராத்திரி பத்து மணி வரை படிக்கும் மேசைக்கும் சமையலுக்கும் 4000 எடுத்தேன். பின்பக்க வழிக்கு 3000. நீலம் குறைந்த வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். மழைக்காலத்தில் ஈசல் மொய்க்கிற வீட்டில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நான்காவது, அதிகம் பேர் கேட்காத எண்: சிஆர்ஐ. ஒரு பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண், 100க்கு. இதைப் புரிந்துகொள்ள எல்இடி எப்படி வெள்ளையாக எரிகிறது என்று தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962இலேயே செய்துவிட்டார். பிரகாசமான நீல எல்இடி வருவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதைச் சாத்தியமாக்கிய இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். நீல எல்இடியின் மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூசினால் நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இன்று நாம் வாங்கும் வெள்ளை எல்இடிகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன. இதில் சிவப்பு குறைவு. மலிவான பாஸ்பரில் இன்னும் குறைவு.

சிவப்பு குறைந்தால் என்ன ஆகும்? மிளகாய் வற்றல் பழுப்பாகத் தெரியும். தக்காளி பழுத்ததா காயா என்று குழப்பும். நம் கறுத்த தோல் சாம்பல் பூசியது போலத் தெரியும். கல்யாண வீட்டு வீடியோவில் நம் ஆட்கள் வாடிப்போய்த் தெரிவதைப் பார்த்து, “நம்ம மூஞ்சி அப்படி” என்று சிரித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் கோளாறில்லை, விளக்கில் சிவப்பு இல்லை. சிஆர்ஐ 80க்குக் கீழே இருப்பதை வீட்டுக்கு வாங்காதீர்கள். 90 கிடைத்தால் நல்லது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப முடியாவிட்டால், கடையில் எரியவிட்டு உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். வெளியே பகல் வெளிச்சத்தில் அதே கையைப் பாருங்கள். நம்மிடம் எப்போதும் இருக்கிற சோதனைக் கருவி அது.

ஐந்தாவது, ஐபி எண். ஐபி 20 என்றால் திறந்த ஸ்ட்ரிப், ஈரம் ஆகாது. ஐபி 65 என்றால் மேலே சிலிக்கான் பூச்சு இருக்கும், தண்ணீர் தெளித்தால் தாங்கும். தண்ணீரில் மூழ்குகிற இடத்துக்கு 67, 68 என்று மேலே போக வேண்டும். மேசைக்கும் சமையலறை அலமாரிக்கும் ஐபி 20ஐ எடுத்து மூடியுள்ள அலுமினிய புரொஃபைலுக்குள் வைத்தோம். கழிப்பறை வழிக்கு ஐபி 65, மீட்டருக்கு 60 எல்இடி, 4.8 வாட்ஸ். அங்கே படிக்கப்போவதில்லை, கால் வைக்கும் இடம் தெரிந்தால் சரி. அதைச் சுவரில் முழங்கால் உயரத்தில் கிடைமட்டமாக, மேலே ஒரு தகட்டு மறைப்போடு போட்டோம். வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் தரையில் விழும். பாம்பு கிடந்தாலும் தெரியும். இரவில் போகிற பெண்ணைத் தெருமுனையில் நிற்பவனுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டவும் செய்யாது. விளக்கை எந்த உயரத்தில் மாட்டுகிறோம் என்பதிலும் யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வி இருக்கிறது.

ஆறாவது, அடாப்டர் கணக்கு. மேசைக்கு 1 மீட்டர், அடுப்பு மேடைக்கு 1.5 மீட்டர், மொத்தம் 2.5 மீட்டர். 9.6ஆல் பெருக்கினால் 24 வாட்ஸ். 12 வோல்ட்டால் வகுத்தால் 2 ஆம்பியர். அடாப்டரை முழு பாரத்தில் ஓட்டக் கூடாது, குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் வைக்க வேண்டும். ஆகவே 3 ஆம்பியர், 36 வாட்ஸ். வெளியே 4 மீட்டருக்கு 19.2 வாட்ஸ்தான், இருந்தாலும் அதற்கும் அதே 3 ஆம்பியர் அடாப்டரையே எடுத்தேன். ஒன்று பழுதானால் மற்றொன்றைக் கழற்றி மாட்டிப் பரீட்சை முடியும்வரை ஓட்டலாம். பெட்டியில் 50,000 மணி நேரம் உழைக்கும் என்று எழுதியிருப்பார்கள். தினமும் ஐந்து மணி நேரம் என்றால் 27 ஆண்டு. பொதுவாக அந்தக் கணக்கு எல்இடியின் வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் வரைக்கான கணக்கு. அதற்கு வெகு முன்பே அடாப்டர் போய்விடும். அதனால் காசை மிச்சம் பிடிப்பதாக இருந்தால் அடாப்டரில் பிடிக்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரையும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது என்று காட்டும். எவ்வளவு வோல்டேஜ் வரை தாங்கும் என்பதும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். மாலையில் வோல்டேஜ் இறங்குகிற எங்கள் தெருவில் டியூப் லைட் மினுக்கி மினுக்கி எரிய மறுக்கும். நல்ல அடாப்டர் அப்போதும் சீராக 12 வோல்ட் கொடுக்கிறது.

இந்தப் பட்டியலோடு சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்று கடைகளில் எரியவிட்டுக் காட்டச் சொன்னேன். எண்களைச் சொல்லிக் கேட்கும்போது பேச்சே மாறிவிடுகிறது. எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. மீட்டருக்கு எத்தனை லூமென் என்பதற்கு ஒரு கடையில் பதில் தெரியவில்லை, ஒரு கடையில் தாளை எடுத்துக் காட்டினார்கள். தாள் காட்டியவரிடம் வாங்கினேன். பத்து நிமிடம் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கும் சூடுதான். ஐந்து மீட்டர் உருளையின் முதல் எல்இடியையும் கடைசி எல்இடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை.

கணக்கு இது. உள்ளே போட ஐந்து மீட்டர் ஸ்ட்ரிப் 700 ரூபாய். மூடியோடு மூன்று மீட்டர் அலுமினிய புரொஃபைல் 750. இரண்டு அடாப்டர் 900. வெளியே போடும் ஸ்ட்ரிப் 600. வயர், சுவிட்ச், இணைப்பான்கள் 350. மொத்தம் 3,300. இது எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை கிடையாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே ஒவ்வொன்றையும் வாசித்தேன். மின் கட்டணக் கணக்கையும் சேர்த்துச் சொன்னேன். உள்ளே 24 வாட்ஸ், தினம் ஐந்து மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். வெளியே விடிய விடிய எரிந்தாலும் 13 யூனிட். இரண்டும் சேர்ந்து 20 யூனிட். 2016இலிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

வேலையைச் செய்தது எங்கள் தெரு வயர்மேன் தம்பி, ஐடிஐ முடித்தவர். “அக்கா, இதுல கம்மு இருக்குது, ஆனா சுண்ணாம்பு சுவத்துல நிக்காது. ஒரு வாரத்துல தொங்கிடும்” என்று முதலிலேயே சொன்னார். அதற்காகத்தான் புரொஃபைல் வாங்கினோம். கிளிப்பை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, புரொஃபைலை அதில் அழுத்திவிட்டார். அலுமினியம் எல்இடியின் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் ஆயுள் கூடும். மேலுள்ள பால் நிற மூடி புள்ளி புள்ளியாகத் தெரியும் வெளிச்சத்தை ஒரே கோடாக்கும், கண் கூசாது. மேசைக்கு மேல் ஸ்ட்ரிப்பைப் பலகையின் முன் விளிம்பை ஒட்டி உள்பக்கமாகப் போடச் சொன்னேன். சுவரை ஒட்டிப் போட்டால் வெளிச்சம் சுவரில்தான் விழும். இணைப்பான்களை நம்பாமல் சந்திப்புகளை எல்லாம் அவர் சால்டர் வைத்துச் சுருக்குக் குழாய் போட்டு மூடினார். அடாப்டர்களைக் கைக்கு எட்டாத உயரத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தார். மிச்சமான இரண்டரை மீட்டர் அவர் வீட்டு மாவு அரைக்கும் மூலைக்குப் போனது.

ஒரு சங்கதி மட்டும் என் பட்டியலில் இல்லாதது. பாப்பாவுக்கு ரிமோட்டில் நிறம் மாறும் ஸ்ட்ரிப் மேல் ஆசை. ரீல்ஸில் பார்த்திருக்கிறாள். “படிக்கிறதுக்கு அது சரிவராதுடி, அதுல வர்ற வெள்ளை உண்மையான வெள்ளை கிடையாது” என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, “படிக்கிறதுக்குன்னு யாரு சித்தி சொன்னது? அழகா இருக்கும்னுதான் கேட்டேன்” என்றாள். அக்கா, “இருக்கறது போதும், வாயை மூடு” என்றார். அந்தச் சொல் மறுபடியும் வந்து நின்றது. படிப்புக்காக என்று சொன்னால் மட்டும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றை வாங்கலாம், அழகுக்காக என்றால் வாங்கக் கூடாது என்ற கணக்கை நான் எங்கிருந்து எடுத்துக்கொள்வது? செல்போன் சார்ஜரில் ஓடும் 5 வோல்ட் நிறம் மாறும் ஸ்ட்ரிப் இரண்டு மீட்டர், 250 ரூபாய். அலமாரியின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டாள். ராத்திரி புத்தகத்தை மூடிய பிறகு கொஞ்ச நேரம் ஊதாவாக எரியும்.

மேசையில் இப்போது போன் 420 லக்ஸ் காட்டுகிறது. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அரிசி புடைக்க முன்பெல்லாம் பகலில் வாசலுக்கு வருவார். இப்போது அடுப்பு மேடையிலேயே முறத்தை வைத்துக்கொள்கிறார். “கல்லு தெரியுதுடி” என்றார், அவ்வளவுதான் சொன்னார். எதிர்பாராத சண்டை ஒன்றும் வந்திருக்கிறது. அக்கா மகளிர் குழுவின் கணக்கு எழுதுபவர். இத்தனை நாள் அந்த நோட்டை மடியில் வைத்துத்தான் எழுதினார். இப்போது ஒன்பது மணியானால் அவருக்கும் அந்த மேசை வேண்டுமாம். அதன் கீழே இன்னும் யாரெல்லாம் உட்கார ஆசைப்பட்டுச் சொல்லாமல் இருந்தார்கள் என்பது விளக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். நீங்கள் தங்கியிருக்கும் விடுதியிலோ வீட்டிலோ இன்று இரவு எட்டு மணிக்கு, வழக்கமாகப் படிக்கும் இடத்தில், வழக்கம்போல உட்கார்ந்து, புத்தகத்தின் மேல் போனை வைத்து லக்ஸ் பாருங்கள். உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். விடுதியில் இருப்பவர்கள் பத்து இடங்களில் பார்த்துத் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். “வெளிச்சம் பத்தலை சார்” என்று சொன்னால் “இது போதும்” என்ற பதில் வந்துவிடும். “பத்து மேசையில் ஏழு மேசை 100 லக்ஸுக்குக் கீழே” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பதில் சொல்கிறவரும் ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும்.